வீட்டு அடுப்பும் வாரக் கூட்டமும்

எடையைக் குறைக்க முடிவெடுப்பவர் பெரும்பாலும் தனியாகத்தான் தொடங்குகிறார். வீட்டில் மற்றவர்களுக்குச் சோறு, குழம்பு, பொரியல். அவருக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி, வெள்ளரிக்காய், இரவில் இரண்டு சப்பாத்தி. மூன்று வாரம் ஒழுங்காக நடக்கும். நான்காவது வாரம் ஒரு கல்யாணம் வரும், அல்லது பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அல்லது ஒரே வேளைக்கு இரண்டு சமையல் செய்து சமைப்பவருக்கு அலுத்துப்போகும். ஓட்ஸ் டப்பா அலமாரியின் பின்வரிசைக்கு நகர்ந்துவிடும். அதன்பின் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒன்றே ஒன்று: 'எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை.' இந்தத் தீர்ப்பு தவறானது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். குடும்பம் முழுவதும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடும்போது, ஒருவர் மட்டும் வேறு உணவில் மாதக்கணக்காகத் தாக்குப்பிடிப்பது யாருக்குமே கடினம். கலோரியைக் குறைக்க வேண்டிய இடம் அந்தப் பொதுச் சட்டிதான். குறைத்ததைக் காப்பாற்ற, அதே வேலையைத் தத்தம் வீட்டில் செய்துகொண்டிருக்கும் நாலைந்து வீட்டார் வாரம் ஒருமுறை கூடிப் பேச வேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, 'நாங்கள் ஓட்டலுக்கே போவதில்லை, வீட்டுச் சாப்பாடுதானே சாப்பிடுகிறோம்' என்பது. வீட்டுச் சமையலுக்கு உண்மையிலேயே ஒரு சாதகம் இருக்கிறது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து நடத்திய சோதனை 2019இல் வெளிவந்தது. பாக்கெட்டில் வரும் பதப்படுத்திய உணவு இரண்டு வாரம், சாதாரணமாகச் சமைத்த உணவு இரண்டு வாரம். வேண்டிய அளவு உண்ணலாம். பதப்படுத்திய உணவை உண்ட நாட்களில் அவர்கள் தங்களை அறியாமலே நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள்; ஏறத்தாழ ஒரு கிலோ எடை ஏறினார்கள். எனவே பிஸ்கட், மிக்சர், பாக்கெட் நொறுக்குத்தீனியை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே பெரிய தொடக்கம். ஆனால் வீட்டுச் சமையல் என்ற பெயருக்காகவே எதுவும் இளைக்கவைக்காது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015–16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அதிக எடையுடன் இருந்தனர். 2019–21 ஆய்வில் அது 40.4 விழுக்காடு. ஆண்களில் 28.2 என்பது 37 ஆனது. இவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உண்பது வீட்டில் ஆக்கிய சோறும் குழம்பும்தான். ஓட்டல் உணவு கூடியதும் உடலுழைப்பு குறைந்ததும் காரணங்களில் சேரும். அவை போக மீதிப் பொறுப்பை நம் அடுப்படியும் ஏற்க வேண்டும்.

சமையலறையில் முதலில் அளக்க வேண்டியது எண்ணெய். ஒரு கிராம் மாவுச்சத்திலும் ஒரு கிராம் புரதத்திலும் 4 கலோரிதான். ஒரு கிராம் கொழுப்பில் 9. நல்லெண்ணெய், கடலையெண்ணெய், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி, பாமாயில் என எல்லாவற்றுக்கும் கணக்கு ஒன்றே. செக்கில் ஆட்டிய எண்ணெயை விரும்புகிறவர்கள் தாராளமாக அதையே வாங்கட்டும். கலோரி மட்டும் அதில் குறையாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. இரண்டு இட்லிக்கு மிளகாய்ப்பொடி குழைக்க விடும் எண்ணெய் அந்த இரண்டு இட்லியின் கலோரியை எட்டிவிடும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளுக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று வகுக்கிறது. இதை வீட்டுக் கணக்காக்கிப் பார்ப்போம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கு மேல் வருகிறது. ஏறத்தாழ 340 கலோரி. பொரித்த எண்ணெயில் கொஞ்சம் கொட்டப்படுவதைக் கழித்தாலும் பெரிய மாறுதல் இல்லை. அதையே இரண்டரை லிட்டராக்கினால் ஆளுக்கு நாளுக்கு 170 கலோரி குறைந்துவிடும், தட்டில் ஒரு கவளம்கூடக் குறையாமல். இதனால்தான் பொதுச் சட்டியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

'வீட்டில் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒல்லியான மாமனார் இருக்கிறார், அவர்களும் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?' என்ற கேள்வி நியாயமானது. யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி நெய்யைத் தனியே விடலாம். பெரியவருக்கு இன்னொரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால் கூடுதலாகத் தரலாம். வேண்டியவர் தட்டில் சேர்ப்பது எப்போதும் எளிது. சட்டியில் ஊற்றியதை ஒருவருக்காக மட்டும் வடித்தெடுக்க வழியில்லை.

அடுத்தது ருசி. எண்ணெய் குறைந்தால் சமையல் சப்பென்று போகும் என்பது பலரும் மனதார நம்புவது. தாளிப்பின் மணம் கடுகிலிருந்தும் கறிவேப்பிலையிலிருந்தும் பெருங்காயத்திலிருந்தும் வருகிறது. எண்ணெய் அதை ஏந்திச் செல்கிறது. அதற்கு ஒரு தேக்கரண்டி போதும். பொரியலுக்குக் காயை எண்ணெயிலேயே வதக்கி வேகவைக்கும் பழக்கத்தை மாற்றி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்துவிட்டு, கடைசியில் தாளித்துக் கொட்டினால் மணம் மேலேயே நிற்கும். கத்தரிக்காய், வாழைக்காய், சேப்பங்கிழங்கு ஆகிய மூன்றும் எண்ணெயை உறிஞ்சுபவை. இவற்றை முதலில் ஆவியில் வேகவைத்துவிட்டுத் தோசைக்கல்லில் புரட்டினால் வறுவலின் முறுகல் பெருமளவு வந்துவிடும். தோசைக்குக் கரண்டியால் சுற்றிலும் எண்ணெய் விடுவதை நிறுத்தி, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பது நம் பாட்டிமார் அறிந்த வழி. மீனைக் குழம்பிலோ இலையில் மடித்துக் கல்லிலோ வேகவைக்கலாம். தேங்காய் விஷயத்தில் கொஞ்சம் விழிப்பு வேண்டும். நூறு கிராம் தேங்காய்ப்பூவில் சுமார் 350 கலோரி. ஒரு மூடி அரைத்தால் 500ஐத் தாண்டக்கூடும். சட்னியில் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டுவது பலர் செய்யும் திருத்தம். பொட்டுக்கடலையில் புரதம் உண்டு என்றாலும் எடைக்கு எடை கலோரி தேங்காயை ஒட்டியதுதான். தக்காளி, வெங்காயம், புதினா, கொத்தமல்லி, பீர்க்கங்காய்த் தோல் ஆகியவற்றை அடிப்படையாக வைத்து, தேங்காயோ பொட்டுக்கடலையோ ஒரு கரண்டி மட்டும் சேர்த்தால்தான் உண்மையில் குறைகிறது. கூட்டுக்கும் குருமாவுக்கும் இதே அளவைக் கைக்கொள்ளலாம். புளி, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, எலுமிச்சை இவையெல்லாம் கலோரிக் கணக்கில் வராத அளவு சொற்பம். ருசிக்கு இவற்றை நம்பலாம். ஓர் எச்சரிக்கை: எண்ணெய் குறைந்த குறையை உப்பால் ஈடுகட்டும் சபலம் வரும். இரத்த அழுத்தம் உள்ள வீட்டில் அது ஒரு தீமைக்கு இன்னொன்றை மாற்றிக்கொள்வது.

சோற்றைப் பற்றிப் பேசினால்தான் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு முழுமையாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் நீரிழிவு ஆய்வாளர்கள் நாடு முழுவதும் நடத்திய பேராய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர்கள் தங்கள் கலோரியில் 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்று அது காட்டுகிறது. நம் சாப்பாட்டு முறையே இதற்குத் துணைபோகிறது: குழம்புக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. மூன்று திரவங்களுக்கும் சோறு துணையாக வேண்டும் என்ற ஒழுங்கு, உடலால் உழைத்த தலைமுறைக்குப் பொருந்தியது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஒரே ஒரு மாற்றம் பெரும் பயன் தரும். குழம்புக்கு மட்டும் சோறு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடலாம். சோறு குறைந்த இடத்தைக் காயும் பயறும் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் நான்கு மணிக்குப் பசி வந்து பஜ்ஜிக் கடைக்கு இழுக்கும். மேற்சொன்ன 2024 வழிகாட்டுதல் நாளுக்கு 400 கிராம் காய்கறியும், பருப்பு, முட்டை, இறைச்சி வகையில் 85 கிராமும் கேட்கிறது. தானியத்துக்கு 250 கிராம்தான். நம் வீடுகளில் பொரியல் என்பது தட்டின் ஓரத்தில் ஒரு சிறு குவியல். அது தட்டின் பாதியாக வேண்டும் என்றால், நான்கு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் என்ற வாங்கும் அளவே மாற வேண்டும். கீரை மசியல், முள்ளங்கி, சுரைக்காய், புடலங்காய், முட்டைக்கோஸ், வெண்பூசணி போன்றவை நிறைய உண்டாலும் கலோரி ஏறாதவை. மாலையில் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ சுண்டலாக இருந்தால் இரவுச் சாப்பாடு தானே சுருங்கும்.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் இளைக்கலாம் என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. சிறுதானியத்தைப் பற்றியும் இப்போது அதே பேச்சு. சமைக்காத அரிசி நூறு கிராமில் சுமார் 350 கலோரி. கோதுமை மாவு, கேழ்வரகு, கம்பு, தினை எதை எடுத்தாலும் 320 முதல் 360க்குள்தான் அடங்கும். சப்பாத்தி எண்ணி உண்ணப்படுவதால், சோறு போல் அளவின்றிப் போவதில்லை. மாறியவருக்கு எடை குறைந்தால் காரணம் அந்த எண்ணிக்கைதான். எண்ணெய் தடவிச் சுட்ட நான்கு சப்பாத்தியைத் தேங்காய் அரைத்த குருமாவுடன் உண்பவர், அளவான சோறும் சாம்பாரும் உண்பவரைவிட அதிகமாகவே உண்கிறார். சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும், கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து உண்டு. இவை அதைச் சமைக்க நல்ல காரணங்கள். எடைக்கு மட்டும் அதன் அளவே முடிவு சொல்லும். ஆகவே எந்தத் தானியமானாலும் உலையில் போடும் முன்பே ஆழாக்கால் அளந்து போடுவது நல்லது. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. வீணாகக் கூடாது என்று மிச்சத்தைத் தன் தட்டில் போட்டுக்கொள்பவர் பல வீடுகளில் சமைத்த பெண்தான். பிள்ளை வைத்த அரைத் தோசை, சட்டி வழித்த சோறு, காலையில் மீந்த உப்புமா என அவர் உண்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அளந்து போட்டால் மிஞ்சுவது குறையும். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் எடுத்துவைத்து மறுவேளைக்குக் கணக்கில் சேர்க்கலாம்.

எவ்வளவு குறைக்கலாம்? எண்ணெயில் 170, மதியச் சோற்றில் நூறு கிராம் குறைத்தால் 130, காபி, டீயில் நாளுக்கு ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரையை விட்டால் 100. ஆக 400 கலோரி. நடுத்தரமாகத் தொடங்குபவருக்கு இது போதும். ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7700 கலோரி என்பதால் மூன்று வாரத்துக்கு ஒரு கிலோ என்று கணக்குப் போடத் தோன்றும். முதல் சில வாரங்களில் அது ஏறக்குறைய நடக்கவும் செய்யும். போகப் போக உடல் எடை குறைவதால் செலவாகும் சக்தியும் குறைந்து, வேகம் தணியும். கெவின் ஹால் 2011இல் வெளியிட்ட கணிப்பு முறை இதைத்தான் தெளிவாக்கியது. எடை நின்றுபோன மாதத்தில் 'நமக்கு ஒத்துவரவில்லை' என்று விடுபவர்கள் அதிகம். அந்தத் தணிவு இயல்பானது என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. மாறாக, அவசரப்பட்டு நாளுக்கு 800 கலோரிக்கு இறங்குவதை மருத்துவர் மேற்பார்வையின்றிச் செய்யவே கூடாது. 1944–45இல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் சுமார் 1,600 கலோரி மட்டும் கொடுத்து ஆராய்ந்தபோது, அவர்கள் எந்நேரமும் உணவையே நினைத்து, எரிச்சலும் சோர்வும் கொண்டவர்களானார்கள். கடும் பத்தியம் முறிவதற்கு உடலே காரணம் ஆகிறது. கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், சிறுநீரக நோயாளிகள் இந்த அத்தியாயத்தைப் பின்பற்றும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழக்கூடும்; மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தந்த பிறகே தொடங்கலாம். இலக்கும் சிறியதாகவே இருக்கட்டும். 2002இல் முடிவு வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 3,234 பேரில் உணவையும் நடையையும் மாற்றிய பிரிவினருக்கு வைத்த இலக்கு உடல் எடையில் 7 விழுக்காடு. அந்தப் பிரிவில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோ சொச்சம்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு கூட்டம் எதற்கு? தெரிந்ததைச் செய்வதும், செய்ததைச் சரியாகக் கணிப்பதும் தனி மனிதரால் முழுமையாக முடிவதில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. 1992இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, எவ்வளவு குறைத்தாலும் இளைப்பதில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவைக் கவனமாக அளந்தது. அவர்கள் உண்டது தாங்கள் சொன்னதைவிடப் பெரிதும் அதிகம். சொன்ன அளவு உண்மை அளவில் ஏறக்குறைய பாதிதான். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கரண்டியும் கையும் பழக்கத்தில் இயங்கும்போது யாருக்கும் அளவு தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் 'எங்கள் வீட்டில் மாதம் மூன்று லிட்டர், உங்களுக்கு எப்படி ஐந்து?' என்று கேட்கும்போதுதான் தெரியவரும். 1999இல் விங், ஜெஃப்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 166 பேரிடம் நடத்திய ஆய்வு இன்னும் நேரடியானது. தனியாகச் சேர்ந்து வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 76 விழுக்காட்டினர் நான்கு மாதத் திட்டத்தை முடித்தார்கள். அடுத்த ஆறு மாதம் எடை திரும்பாமல் காத்தவர்கள் 24 விழுக்காடு. மூன்று நண்பர்களுடன் சேர்ந்து, ஒருவரையொருவர் தாங்கும் பயிற்சியும் பெற்றவர்களில் 95 விழுக்காட்டினர் முடித்தார்கள், 66 விழுக்காட்டினர் காத்தார்கள். நண்பர்களோடு வர முன்வருபவர்கள் இயல்பிலேயே ஊக்கம் மிக்கவர்களாக இருந்திருக்கலாம் என்று ஒருவர் மறுக்கலாம். அதில் உண்மை உண்டு. 2001இல் வந்த இன்னொரு சோதனை அந்தச் சந்தேகத்தை ஓரளவு தீர்க்கிறது. யார் குழுவில், யார் தனி ஆலோசனையில் என்பதைச் சீட்டுப்போட்டு முடிவுசெய்தபோது, தனி ஆலோசனையையே விரும்பியவர்கள்கூடக் குழுவில் விழுந்தபோது அதிகம் இளைத்தார்கள்.

அமெரிக்கச் சான்று நமக்குப் பொருந்துமா என்றால், சென்னையிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 578 பேரைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. வாரந்தோறும் குழு வகுப்பு, நம் உணவுக்கேற்ற பாடம், தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை என்ற முறையில், நீரிழிவு வருவது மூன்றாண்டில் 32 விழுக்காடு குறைந்தது. மாத்திரையின் பங்கும் அதில் கலந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1,007 பேருடன், ஊர்க்காரர்களையே குழுத் தலைவர்களாக்கி நடத்திய ஆய்வில், நீரிழிவு வந்தவர்கள் குழுப் பிரிவில் 14.9 விழுக்காடு, மற்றதில் 17.1, புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு என்று சொல்ல முடியாத அளவு. ஆனால் காய்கனி உண்பது கூடியது, மது குறைந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, கூட்டம் கூடினாலே எடை குறைந்துவிடாது என்பது. கூட்டத்தின் பேச்சு சமையலறையின் அளவுகளைத் தொட வேண்டும். கூடிப் பேசி, வாழ்த்திக்கொண்டு, வீடு திரும்பி அதே ஐந்து லிட்டர் எண்ணெயில் சமைத்தால் மனம் மட்டும் இலேசாகும்.

நம் ஊரில் இப்படியொரு கூட்டத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி 1961இல் தோழியரை வீட்டுக்கு அழைத்துத் தொடங்கிய வாராந்தரப் பேச்சுதான் பின்னர் வெயிட் வாட்சர்ஸ் என்ற உலக நிறுவனமானது. தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் அதைவிட ஆழமாக வேரூன்றியவை. 12 முதல் 20 பேர், குறித்த நாளில் கூட்டம், எல்லோர் முன்னிலையிலும் கணக்கு, தவணை தவறியவர் வீட்டுக்குப் போய் விசாரிப்பது என்ற அதே ஒழுக்கம் எடைக்கும் அப்படியே பொருந்தும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் பலரும் இக்குழுக்களிலிருந்து வந்தவர்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கத் தெரிந்தவர்கள். ஏற்கெனவே குழுவில் இருப்பவர்கள் மாதத்தில் ஒரு கூட்டத்தின் கடைசி அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம் என்று தோன்றும், அது போதாது. எடைக்கான கூட்டம் வாரந்தோறும் நடக்க வேண்டும். குழு இல்லாதவர்கள் அடுக்ககத்தின் ஒரு தளம், ஒரே தெரு, பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோர், அலுவலகத்தில் சேர்ந்து டிபன் பாக்ஸ் திறப்பவர்கள் என்று ஐந்து முதல் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். பத்துக்கு மேல் போனால் சிலர் பேசாமலே இருந்துவிடுவார்கள்.

கூட்டத்தில் என்ன செய்வது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். எடை பார்ப்பது தனியறையில். ஒருவர் மட்டும் குறித்துக்கொள்வார். சபையில் சொல்வது சென்ற வாரத்திலிருந்து கூடியதா குறைந்ததா என்பதை மட்டும், அதுவும் விருப்பமுள்ளவர்கள். மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு பார்ப்பது நல்லது. இந்தியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 என்பதே எல்லை. எல்லோரும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியவை சமையலறை எண்கள்: இந்த வாரம் எவ்வளவு எண்ணெய், எத்தனை ஆழாக்கு அரிசி, எத்தனை கிலோ காய்கறி. உடலைப் பற்றிய பேச்சு புண்படுத்தும்; எண்ணெயைப் பற்றிய பேச்சில் யாரும் புண்படுவதில்லை. பிறகு ஒருவர் சமைத்துக்கொண்டுவந்த ஒரு பண்டத்தை எல்லோரும் ருசி பார்த்து, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தேங்காய் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். இதை நான் மிகவும் வற்புறுத்துகிறேன். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் செய்த கத்தரிக்காய் வறுவல் நன்றாக இருக்கும் என்று படித்து நம்புவதைவிட வாயில் போட்டு நம்புவது நிலைக்கும். கடைசியாக, வருகிற வாரத்தில் யார் வீட்டில் விசேஷம், யார் ஊருக்குப் போகிறார் என்று பார்த்து முன்கூட்டியே வழி பேசிவைப்பது. ஆடிக் கூழும் தீபாவளிப் பலகாரமும் தவிர்க்க வேண்டியவையல்ல. பண்டிகை ஒரு நாளோடு முடிய வேண்டும், டின்களில் இரண்டு வாரம் நீளக் கூடாது. கூட்டாகச் சுட்டுப் பங்கிட்டுக்கொண்டால் ஒரு வீட்டில் சேரும் முறுக்கு குறையும். வாட்ஸ்அப் குழு இடையிடையே தட்டின் படத்தைப் பகிர உதவும். நேரில் கூடுவதற்கு அது மாற்றாகாது.

சில கூட்டங்களிலிருந்து விலகியிருக்க வேண்டும். மாதம் இத்தனை கிலோ என்று பந்தயம் வைப்பவை, பட்டினி கிடந்தவருக்குப் பரிசு தருபவை, சாப்பாட்டுக்குப் பதில் கலக்கிக் குடிக்கும் பொடியை விற்பவை, அந்தப் பொடியை விற்க உங்களையே ஆள் பிடிக்கச் சொல்பவை. உங்கள் அடுப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத கூட்டம் உங்களுக்கு எதையும் கற்றுத்தராது.

இன்னொரு மறுப்பு இருக்கிறது. அதை நான் முழு மதிப்போடு எடுத்துக்கொள்கிறேன். இத்தனை அளவும் கணக்கும் யார் தலையில் விழும்? பெரும்பாலும் ஏற்கெனவே சமையலறையில் நின்றுகொண்டிருக்கும் பெண் தலையில். வேலைக்கும் போய்விட்டு வந்து, காய் கூடுதலாக நறுக்கி, எண்ணெய் அளந்து, கணவருக்கு ருசி போதவில்லை என்ற குறையையும் கேட்க வேண்டும் என்றால் அது அநீதி. ஆகவே குழுவில் சேருவது வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கூட்டத்துக்கு ஒருமுறையாவது சமைப்பவரோடு சாப்பிடுபவரும் வர வேண்டும். காய் நறுக்குவதும் வாரக் காய்கறி வாங்கிவருவதும் அவர் பொறுப்பாகட்டும். உழவர் சந்தையில் குழுவாக வாங்கினால் விலையும் குறையும். மாமியார், அம்மா போன்ற பெரியவர்களிடம் 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ' என்ற உபசரிப்பை நிறுத்தச் சொல்வது மருமகளால் ஆகாத காரியம். குழுவில் உள்ள இன்னொரு மூத்தவர் வீட்டுக்கு வந்து, 'அக்கா, இவளுக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கு, மூணாவது தோசை போடாதீங்க' என்று சொன்னால் அது வேறு விதமாகக் கேட்கப்படும். தனி ஆளால் ஆகாத எத்தனையோ காரியங்களில் இதுவும் ஒன்று.

இலக்கை அடைந்ததும் குழுவைக் கலைத்துவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. 2011இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பத்து வாரம் கடுமையாகக் குறைத்தவர்களின் பசியைத் தூண்டும் சுரப்புகள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எடை குறைந்தவரின் உடல் நெடுநாள் இழந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில்தான் துணை அதிகம் தேவை. முதல் ஆறு மாதம் வாரந்தோறும், பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டிலிருந்து மாதம் ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டலாம், நிறுத்த வேண்டாம். இரண்டு கிலோ திரும்பியவர் மறுபடி வாரக் கூட்டத்துக்கு வரும்படி ஏற்பாடு இருக்கட்டும். மூன்று கூட்டத்துக்கு வராதவரைத் தேடிப் போக ஒருவரை முதல் நாளே நியமித்துவிடுங்கள். போகிறவர் எடையைப் பற்றிக் கேட்க வேண்டாம். அந்த வாரம் ருசி பார்த்த பண்டத்தில் ஒரு கிண்ணம் எடுத்துப்போய்க் கொடுத்து, அடுத்த கூட்டம் யார் வீட்டில் என்று சொல்லிவிட்டு வந்தால் போதும்.